தந்தையின் சட்டையில் வரும் நஞ்சு

மாலையில் வேலை முடிந்து தந்தை வீடு திரும்புகிறார். வாசலிலேயே குழந்தை ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்கிறது. மில்லர்புரத்தில் இல்லச் சந்திப்புக்குச் செல்லுங்கால் நாம் அடிக்கடி காணும் இனிய காட்சி இது. அவர் சட்டையில் ஒட்டியிருப்பது யாது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொடைக்கானலில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் அம்மலைக்குப் பெயர்க்கப்பட்டது; பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கே புழங்கியது பாதரசம். சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமில்லை, மணமில்லை. எனவே கண்ணும் மூக்கும் நமக்குக் காவலாகா. மூச்சோடு புகுந்து இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம், மறதி, உறக்கமின்மை, காரணமற்ற சினம் ஆகியவை அதன் அடையாளங்கள். கருவிலுள்ள சிசுவையும் அது எட்டும். துணியில் ஒட்டிய சிறு துளியோ வீட்டுக்குள் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். ஆலை வாசலையே மிதிக்காத மனைவி மக்களும் அதைச் சுவாசிப்பர்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது வெளியாயிற்று, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு நம் தூத்துக்குடித் துறைமுகம் வழியே அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கழிவுக்குப் பீப்பாயும் கப்பலும் கிடைத்தன. தொழிலாளருக்கோ? தங்கள் நோய்க்கு ஆலையே காரணம் என்றனர், நிறுவனம் மறுத்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 மார்ச் வரை ஆயிற்று.

பாதரசம் நமக்கு எதற்கு என்பீர்கள். பழைய பேட்டரி உடைப்பவர் ஈயத் தூளைச் சட்டையில் சுமந்து வருகிறார். தவழும் குழந்தை விரல் சூப்புகையில் அது வயிற்றுக்குள் போகிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்யும். கல் அறுப்போரின் நுரையீரலில் படியும் தூசியும் அத்தகைய கொடியதே.

நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் விசாரிக்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் இராமாசினி 1700-இலேயே எழுதிவைத்தார். நம் மருத்துவமனைக் கூட்ட நெரிசலில் அக்கேள்வி எழுவது அரிது. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேளாவிடினும் நாமே சொல்லலாம்: இன்ன இடத்தில், இன்ன பொருளோடு, இத்தனை ஆண்டு வேலை என்று.

வேலைத் தலத்திலேயே குளித்து உடை மாற்ற வசதி கேட்பது தொழிலாளரின் உரிமை. அது கிடைக்கும்வரை, தந்தையர் கைகால் கழுவி உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்கட்டும். அவ்வுடையைத் துவைப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. அம்மா, அதை உதறாதீர்கள். குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல், தனி வாளியில் முதலில் நீரில் அமிழ்த்துங்கள்.