நீல விளக்குக்கும் ஓர் அளவு உண்டு

1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் இருந்த ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளரான செவிலியர் ஜீன் வார்டு, வெயிலில் வைத்திருந்த ஒரு குழந்தையைத் துணி விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். மஞ்சள் காமாலை கண்ட உடம்பு வெளுத்திருந்தது. போர்வையின் நுனி மறைத்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. வெயிலில் கிடந்த இரத்த மாதிரிக் குழாய் ஒன்றிலும், காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமியான பிலிருபினின் அளவு குறைந்திருந்தது. 1958-ல் அந்த மருத்துவமனையின் மருத்துவர் கிரெமரும் சகாக்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். ஒளி சிகிச்சை அங்கிருந்து தொடங்கியது. ஆனால் மருந்து என்று ஏற்றுக்கொண்ட ஒளியை, மருந்துபோல அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் எல்லா இடத்திலும் வந்துவிடவில்லை.

தோலுக்கடியில் உள்ள பிலிருபின் நீல ஒளியை உறிஞ்சியதும் அதன் வடிவம் மாறுகிறது. முதிராத கல்லீரலின் உதவி இல்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் அது வெளியேறிவிடும். வெளியேறாமல் மிகுந்தால் மூளையில் படிந்து செவித்திறனையே பறிக்கலாம். அந்த வடிவ மாற்றத்துக்கு வேண்டியது 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான ஒளி. தீவிர சிகிச்சைக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒவ்வொரு நானோமீட்டருக்கும் குறைந்தது 30 மைக்ரோவாட் விழ வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். விளக்கு பளிச்சென்று எரிகிறதே, போதாதா என்றால், போதாது. நம் கண் பச்சைக்குக் கூர்மையானது, நீலத்துக்கு மந்தமானது; பழைய குழல் விளக்கின் நீலம் வற்றியதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண லக்ஸ் மீட்டரும் கண்ணைப் பின்பற்றியே செய்யப்பட்டது என்பதால் அதுவும் உதவாது. விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாலே அளவு குறையும். நீல ஒளியை அளக்கவென்றே உள்ள கருவியைக் குழந்தை படுக்கும் இடத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் வழி.

காமாலையை அளக்கவும் ஒளியே பயன்படுகிறது. தோலில் ஒளியைப் பாய்ச்சித் திரும்புவதைப் படிக்கும் கருவியால், குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பது பல குழந்தைகளுக்குத் தவிர்ந்திருக்கிறது. ஆனால் விளக்கு பட்ட தோல் இரத்தத்துக்கு முன்பே வெளுத்துவிடும். கருவி குறைத்துக் காட்டும். ஒளி பட்ட இடம்தான் வெளுக்கும் என்பதைப் போர்வை மறைத்த அந்த முக்கோணமும் சொன்னது. ஆகவே சிகிச்சை நடக்கும்போதும், கருவி உயர்ந்த அளவைக் காட்டும்போதும் இரத்தப் பரிசோதனையைக் கைவிட முடியாது.

இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சா? இல்லை, அந்த வெயிலிலும் நீலம் உண்டு. கூடவே புற ஊதாவும் வெப்பமும் உண்டு. எவ்வளவு நீலம் விழுந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நைஜீரியாவின் லாகோஸில் புற ஊதாவையும் வெப்பத்தையும் தடுக்கும் படலத்துக்குக் கீழே குழந்தைகளைக் கண்காணிப்பில் வைத்தபோது, அந்த வெயில் வழக்கமான விளக்குக்குக் குறையாமல் வேலை செய்தது. 2015-ல் அந்த ஆய்வு வெளியானது. வடிகட்டி, கண்காணித்த வெயில் அது. முற்றத்தில் பத்து நிமிடம் காட்டுவதற்கு அதைச் சான்றாக்க முடியாது. மீண்டும் விளக்குக்கு வருவோம்: சிறு மருத்துவமனைக்கு அதன் ஒளியை அளவிடும் கருவி கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே கருவியை ஒரு மாவட்டத்தின் பல மருத்துவமனைகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். வற்றிய விளக்கின் கீழ் கூடுதலாகக் கிடத்தும் நாட்களுக்கும் செலவு உண்டு, அந்தச் செலவு பெற்றோர் தலையில் விழுகிறது.