சர்வரில் குறியாக்கம்: நிறுவியபின் செய்ய வேண்டுவன

மழையளவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் ஊழியரும், மாணவர்களின் மதிப்பெண்களைப் பதிவு செய்யும் ஆசிரியரும் ஒரு கடவுச்சொல்லை நம்பியே தம் பணியை ஆற்றுகின்றனர். குறியாக்கம் இல்லாத வழியில் அச்சொல், தபால் கார்டில் எழுதிய செய்தியைப் போல, இடையே கைப்பற்றுவோர் எவரும் படிக்கத்தக்கதாகவே செல்லும். அதனை உறையிலிட்டு முத்திரையிடுவது குறியாக்க மென்பொருளின் பணி. 1998-ஆம் ஆண்டில் தோன்றிய ஓப்பன்எஸ்எஸ்எல் இவ்வகையில் பரவலாகப் பயன்படுவதாகும்.

இம்மென்பொருளைச் சர்வரில் நிறுவுவதற்குச் சில நிமிடங்களே போதும். ஆனால், நிறுவிய அளவில் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. பாதுகாப்பு அனைத்தும் திறவுகோலைப் பொறுத்தது. திறவுகோல்கள் இரண்டு: ஒன்று எவர்க்கும் அளிக்கத்தக்க பொதுத் திறவுகோல், மற்றது சர்வரை விட்டு வெளியேறக் கூடாத அந்தரங்கத் திறவுகோல். இவை எவராலும் ஊகிக்க முடியாத எண்களிலிருந்து பிறத்தல் வேண்டும்.

இவ்விதி தவறியதால் நேர்ந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டில், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலைத் திருத்தியபோது, ஊகிக்கவொண்ணாமைக்கு ஆதாரமாக இருந்த பகுதி நீக்கப்பட்டுவிட்டது. பிழை வெளிப்பட்டது 2008 மே மாதத்தில்தான். அதுவரை, ஒரே வகைக் கணிப்பொறியில் ஒரே நீளத்தில் ஆக்கப்பட்ட திறவுகோல்கள் யாவும் ஏறத்தாழ 32,000 எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. அத்தனையையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது அரிதன்று. மென்பொருளைத் திருத்தியதால் மட்டும் தீங்கு நீங்கவில்லை. பழைய திறவுகோல்களைக் களைந்து புதியன ஆக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, நிறுவியபின் செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் காண்போம். முதலாவதாக, மென்பொருளின் அண்மைத் திருத்தங்களைச் சேர்த்த பின்னரே திறவுகோலை ஆக்குதல் வேண்டும். ஆர்.எஸ்.ஏ. முறையாயின் 2048 பிட்டுக்குக் குறைதல் ஆகாது. அந்தரங்கத் திறவுகோலுள்ள கோப்புக்கு 600 என்னும் அனுமதியை இட்டால், அதன் உரிமையாளரைத் தவிரச் சாதாரணப் பயனர் எவரும் அதனைப் படிக்க இயலாது. அடுத்து, சான்றிதழுடன் இடைச்சான்றிதழையும் இணைத்தல் வேண்டும். இன்றேல் சில கைபேசிகள் சர்வரை ஏற்க மறுக்கும். 2021-இல் முறைப்படி கைவிடப்பட்ட டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகியவற்றை மூடி, 1.2, 1.3 ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்க. 80-ஆம் துறையில் வருவோரை 443-ஆம் துறைக்குத் திருப்பிவிடுக.

சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. 2015-இன் இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, தொடக்கத்தில் 90 நாட்களுக்கே இலவசச் சான்றிதழ் வழங்கிற்று. இதனை நினைவை நம்பி விடாமல், தானாகவே புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்து, அது நடைபெறுகிறதா என்பதையும் சோதித்தல் நலம்.

களத்தில் உள்ளோர்க்கும் இதில் பங்குண்டு. கணிப்பொறியின் உட்புற பாட்டரி தீர்ந்து தேதி பிறழ்ந்துவிட்டால், செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகவே தோன்றும். எனவே எச்சரிக்கை தோன்றினால் முதலில் தேதியைப் பார்த்துச் சரி செய்க. அதன் பின்னரும் நீங்காவிடின், கடவுச்சொல்லைத் தட்டாமல் சர்வரின் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க. எச்சரிக்கையை மீறிச் செல்வது வழக்கமாகிவிட்டால், போலிச் சர்வர் ஒன்று இடையே புகும் நாளில் அதனை அடையாளம் காண வழியிராது.