கடைசி நாட்களின் வலிக்கு யார் பொறுப்பு?

“இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.” திருச்சியிலோ தஞ்சாவூரிலோ பெரிய ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டுக்கொண்டு பெரம்பலூர், அரியலூர் கிராமங்களுக்குத் திரும்பும் புற்றுநோய்க் குடும்பங்கள் உண்டு. நோயைக் குணமாக்க வழியில்லை என்பதுதான் அதன் பொருள். வலி, மூச்சுத் திணறல், படுக்கைப் புண் ஆகியவற்றுக்கான வேலை அதற்குப் பிறகுதான் கூடுகிறது.

வீட்டுக்கே வரும் சிகிச்சை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பலரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டமாகவே அறிவார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே தரும் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும், கேட்பவர்கள்தான் குறைவு.

இந்தச் சிகிச்சையில் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது, விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியை வற்புறுத்திப் புகட்டாமல் இருப்பது. புற்றுப்புண் நாற்றமெடுத்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வார்கள். நாற்றத்துக்குக் கூசி உறவினரைப் பார்க்க மறுத்தவர், அதன்பின் திண்ணைக்கு வந்து உட்காரவும் கூடும்.

மார்ஃபின் என்றால் பயம்

கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் நல்ல மருந்து, விலையும் அதிகமில்லை. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014 திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியும் பயம் முழுதாக விலகவில்லை. “பழகிப்போயிடும்” என்று குடும்பமே மாத்திரையை ஒளித்து வைப்பதும் நடக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில், பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலிக்காக எடுத்துக்கொள்பவர் அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் மட்டும் உறுதியாக வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

கருணைக்கொலை: எது குற்றம், எது உரிமை?

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை சுயநினைவு திரும்பாமலே கிடந்தார். அவருக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் உயிரைப் போக்க அனுமதிக்கவில்லை. அவரைப் பராமரித்த சக ஊழியர்கள் அதை எதிர்த்ததும் காரணம். ஆனால் செயற்கை உயிர்காப்பை நிறுத்தும் வழி அதே தீர்ப்பில்தான் திறந்தது. கண்ணியமாக இறப்பது உரிமை என்று 2018இல் தீர்ப்பானது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றம்.

நெதர்லாந்து 2002 முதலும் கனடா 2016 முதலும் மருத்துவர் உதவியோடு சாவதை அனுமதிக்கின்றன. இங்கும் அது வேண்டும் என்று வாதிடுவோர், விருதுநகர் பக்கம் பேசப்படும் தலைக்கூத்தலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி முதியவரை முடித்துவிடும் வழக்கம் அது. அங்கே பெரியவரின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவோரில் உலக அளவில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிக்கு மாத்திரை கிடைக்காதவர் “என்னைக் கொன்னுடுங்க” என்று கெஞ்சுவதைச் சுதந்திரமான முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

எழுதி வைப்பது எப்படி?

வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்புக்கு முன் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. நேரம் வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புதல் தர வேண்டும். தன் சார்பில் பேசும் உறவினர்கள் யார் என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம். வெளிநாட்டிலிருந்து பதறிப் பேசும் மகனும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் மகளும் ஐசியூ வாசலில் மோதிக்கொள்ளும் வீடுகளில், அந்தப் பெயர்கள்தான் முதலில் தேவைப்படும்.