போகிக்கு முன்பே பிரிக்க வேண்டிய காகிதங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் பழைய காகிதங்கள் பரணை விட்டு இறங்குவது பெரும்பாலும் மார்கழிக் கடைசியில்தான். போகிக்காக ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும்போது டிரங்குப் பெட்டியும் திறக்கப்படும். பருவமும் அதற்குத் தோதானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நமுத்துவிடும். பூஞ்சை பிடிப்பதும் ராமபாணப் பூச்சி பெருகுவதும் அப்போதுதான். அந்தப் பூச்சிக்குப் பசையும் மாவுச்சத்தும் விருப்பம் என்பதால், ஒட்டிய உறைகளும் தைத்த நோட்டுகளின் முதுகும் முதலில் போகும். மழை விட்டதும் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் மை வெளுத்துவிடும்.

பிரிக்கும் வேலையை நான்கைந்து நாள் முன்பே தொடங்குவது நல்லது. போகி விடியலில், தீ எரியும்போது, எவரும் தாளைப் படித்துப் பார்த்துப் போடுவதில்லை.

முதலில் தனியே எடுக்க வேண்டியவை சொத்துக் காகிதங்கள். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் இன்று இணையத்திலேயே எடுக்கலாம். பதிவான கிரையப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு மூலப்பத்திரம்தான் கேட்பார்கள். இல்லையென்றால் காவல்துறைப் புகார், நாளிதழ் அறிவிப்பு என்று அலைய நேரும். எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது பதிவு செய்யாத உயில். உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே தாத்தா வெள்ளைத்தாளில் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திட்ட அந்த ஒரு தாளுக்கு வேறெங்கும் நகல் இருக்காது. கல்யாணப் பத்திரிகையையும் அவசரப்பட்டுக் கழிக்கக் கூடாது. திருமணத்தைப் பதிவு செய்யப் போனால் அதையும் ஆதாரமாகக் கேட்கிறார்கள்.

பத்திரத்தை லேமினேட் செய்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. குண்டூசியும் கிளிப்பும் துருவேறித் தாளை அரிக்கும். மடித்தே வைத்த பத்திரம் மடிப்பில்தான் முதலில் கிழியும். விரித்து உறையில் வைப்பதே சரி. கடை ரசீதுகள் வேறு வகை. வெப்பத்தால் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கும், பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் சீக்கிரம். உத்தரவாதம் உள்ள பொருளின் ரசீதை வாங்கியவுடன் ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

கழிக்கும் அவசரம் புதிதல்ல. ஆடிப்பெருக்கில் ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டதையும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் தீயில் இடப்பட்டதையும் உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா இதற்கு நேரெதிர். நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கியெறிவதையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. வீட்டுக் கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் கழிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சியதைக் கொளுத்தத் தேவையில்லை. பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் உள்ள தாள்களை மட்டும் பொடியாகக் கிழித்துப் போடுங்கள்.