அந்தமான் கடற்கரைச் சைக்காஸ்: அமைப்பும் வளர்ப்பும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கடற்கரைக் காடுகளில் தாழை, புன்னை, பூவரசு ஆகியவற்றினிடையே பனையை ஒத்த ஒரு சிறு மரம் காணப்படும். அதன் தண்டில் உதிர்ந்த இலைகளின் தழும்புகள் நெருங்கியிருக்கும். உச்சியில் நீண்ட கூட்டிலைகள் மகுடம் போல் விரிந்திருக்கும். தோற்றத்தில் பனை போலிருப்பினும் இது பனையினத்தைச் சேர்ந்ததன்று. பூவும் கனியும் தோன்றாத திறந்த விதைத் தாவரங்களுள் ஒன்றாகிய சைக்காஸ் ஆகும். பனையைக் காட்டிலும் ஊசியிலை மரங்களே இதற்கு நெருங்கிய உறவுடையவை.

தமிழ்நாட்டினருக்கும் இக்குடும்பம் புதியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரல்களில் வளரும் சைக்காஸ் சிர்சினாலிஸ் என்னும் இனத்தின் ஆண் கூம்பே நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்ற பெயரில் விற்கப்படுகிறது. பெயரில் பூ என்று இருப்பினும் அது பூவன்று.

பெயர் மாற்றம்

தீவுகளின் சைக்காஸைப் பழைய தாவர நூல்கள் சைக்காஸ் ரம்பியை என்று குறித்து வந்தன. 2002ஆம் ஆண்டில் லிண்ட்ஸ்ட்ரோம், ஹில் என்னும் அறிஞர்கள், இலங்கையிலும் இத்தீவுகளிலும் வளரும் மரத்தைச் சைக்காஸ் ஜெய்லானிகா என்ற தனியினமாக வகுத்தனர். அதன் பின்னரும் இத்தீவுகளிலிருந்து வேறு சில சைக்காஸ் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஆதலின் பழைய பெயர்ப்பலகைகளிலும் மாதிரிச் சுவடிகளிலும் உள்ள பெயர்களை அவ்வாறே ஏற்றுக்கொள்ளாமல் சரிபார்த்தல் வேண்டும்.

ஆண் மரமும் பெண் மரமும்

சைக்காஸில் ஆண், பெண் மரங்கள் வெவ்வேறானவை. ஆண் மரத்தின் உச்சியில் மகரந்தம் நிறைந்த பெருங்கூம்பு ஒன்று நிமிர்ந்து நிற்கும். பெண் மரத்திலோ மூடிய கூம்பு தோன்றுவதில்லை. சூல்களை விளிம்பில் தாங்கிய சூலிலைகள், பழுப்பு நிற மென்மயிர் போர்த்தவையாய், உச்சியைச் சுற்றிக் கொத்தாக அமைந்திருக்கும். சூல்கள் வெளிப்படையாக இருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். திறந்த விதை என்பதன் பொருளை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய சான்று இல்லை எனலாம்.

கருவுறும் முறையும் வியப்புக்குரியது. மகரந்தக் குழாயிலிருந்து வெளிப்படும் ஆண் உயிரணு, எண்ணற்ற கசையிழைகளை அசைத்து நீந்திச் சென்று அண்டத்தை அடைகிறது. பெரணிகளிலும் பாசிகளிலும் காணப்படும் இப்பண்பு விதைத் தாவரமொன்றில் இருப்பதை ஜப்பானிய அறிஞர் இக்கெனோ 1896ஆம் ஆண்டில் சைக்காஸில் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஹிராசே என்பார் கிங்கோ மரத்திலும் இதனைக் கண்டார்.

கடலில் மிதக்கும் விதை

கடற்கரைச் சைக்காஸின் விதை ஏறக்குறைய கோழிமுட்டை அளவினது. வெளியே சதைப்பற்றுள்ள தோலும், அதனுள் கடினமான ஓடும் உண்டு. இவ்வகையினங்களில் ஓட்டின் உட்புறத்தில் பஞ்சு போன்ற மென்திசு ஒன்று அமைந்துள்ளது. இதனால் விதை நீரில் மிதந்து, அலைகளால் பிற கரைகளில் ஒதுக்கப்படுகிறது. தீவுக்குத் தீவு இவ்வினங்கள் பரவியமைக்கு இதுவே காரணமாகும்.

நாற்றங்கால் பணியாளர் இவ்விடத்தில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். விதையை நீரிலிட்டு, மூழ்கினால் நல்லது, மிதந்தால் பதர் என்று தெளிவது வழக்கம். கடற்கரைச் சைக்காஸுக்கு இச்சோதனை பொருந்தாது. நல்ல விதையும் மிதக்கும். மற்றொன்றும் உண்டு. அருகில் ஆண் மரம் இல்லாவிடினும் சூல்கள் பருத்து முழு விதை போலத் தோன்றக்கூடும். அவற்றுள் கரு இராது. ஆகவே விதை சேகரிக்குமுன் அப்பகுதியில் ஆண் மரம் உள்ளதா என்று பார்ப்பதும், சில விதைகளை அறுத்துச் சோதிப்பதுமே தக்க வழிகளாகும்.

வளரும் சூழ்நிலை

இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரு பருவக்காற்றுகளாலும் மே முதல் டிசம்பர் வரை மழை நீடிக்கும். இவ்வளவு மழையிலும் சைக்காஸ் தேங்கிய நீரைப் பொறுப்பதில்லை. மணலும் பவளத் துகளும் கலந்த, நீர் எளிதில் வடியும் கரைநிலமே அதற்கு ஏற்றது. இத்தகைய மண்ணில் ஊட்டம் குறைவு. அக்குறையை அதன் பவளவேர்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. மேல்நோக்கிக் கிளைத்துப் பவளம் போலத் தோன்றும் இவ்வேர்களுள் நீலப்பசும்பாசி தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தித் தருகிறது. வேரைக் குறுக்கே வெட்டினால் நீலப்பச்சை நிற வளையம் ஒன்று புலப்படும்.

நாற்று வளர்த்தல்

விதையின் சதைத்தோலைக் கையுறையணிந்து நீக்கி, நன்கு கழுவி, நிழலில் உலர்த்தல் வேண்டும். மணற்பாத்தியில் விதையைப் படுக்கையாக வைத்துப் பாதியளவு புதைத்தால் போதும். உதிரும் காலத்தில் கரு முழு வளர்ச்சி பெற்றிராது. எனவே முளைப்பதற்குப் பல திங்கள் ஆகும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கலைத்துவிடலாகாது. நாற்றுகளுக்கு அரைநிழலும், மேல்மண் காய்ந்த பின் நீரும் தேவை. தண்டில் தோன்றும் பக்கக் கன்றுகளையும் பிரித்து நடலாம். ஆயின் அவை தாய் மரத்தின் பாலையே உடையவை. ஆண், பெண் இரண்டும் கலந்த தோப்பு அமைய விதை நாற்றே வேண்டும்.

எச்சரிக்கை

சைக்காஸ் விதையிலும் இலையிலும் சைக்காசின் முதலிய நஞ்சுகள் உள்ளன. இவற்றைத் தின்னும் கால்நடை நோயுறும். பச்சை விதையை உண்ணும் குழந்தையின் உயிருக்கும் தீங்கு நேரலாம். நிக்கோபார் மக்கள் முற்காலத்தில் இவ்விதையைப் பக்குவப்படுத்தி உண்டனர் என்பதைக் கொண்டு பிறர் அதனைச் சோதித்தல் கூடாது. பள்ளித் தோட்டத்தில் இம்மரம் இருப்பின் விழும் விதைகளை உடனுக்குடன் அகற்றுதல் நன்று.

பிற நாடுகளிலிருந்து வரும் அலங்காரச் சைக்காஸ்களையும் நாற்றங்காலில் சேர்த்தலாகாது. தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட ஒருவகைச் செதிற்பூச்சி அவற்றுடன் பரவக்கூடும். பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் இப்பூச்சி 2003ஆம் ஆண்டில் காணப்பட்டது. அதற்கு முன் அத்தீவின் காடுகளில் மிகுதியாக இருந்த சைக்காஸ் மரங்களுள் பெரும்பகுதி பின்னர் மடிந்தது.

காக்க வேண்டியதன் காரணம்

2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் தீவுகளின் கரையே மாறிற்று. பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனையில் நிலம் ஏறக்குறைய 4 மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானில் நிலம் உயர்ந்தது. தாழ்ந்த கரைகளிலிருந்த காடுகள் உப்பு நீரில் மூழ்கி அழிந்தன. விரைந்து வளரும் கொடிகளும் புதர்களும் புதிய கரையில் சில ஆண்டுகளில் தழைத்துவிடும். சைக்காஸோ மெல்ல வளர்வது. விதை தருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அருகருகே ஆண் மரமும் பெண் மரமும் எஞ்சியிருந்தாலன்றிக் கருவுள்ள விதை கிடையாது.

ஆகவே களப்பணியாளர் தத்தம் பகுதியிலுள்ள மரங்களை ஆண், பெண், இளங்கன்று எனத் தனித்தனியே கணக்கிட்டு வருதல் வேண்டும். நூறு மரங்கள் உள என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. அந்நூறும் ஒரே பாலாயின் அத்தோப்பு விதையால் பெருகாது. காட்டிலுள்ள மரங்களைப் பெயர்த்துத் தோட்டங்களுக்குக் கொண்டுவருவதைத் தடுத்து, விதைகளில் ஒரு பகுதியை மட்டும் சேகரித்து நாற்றாக்கிக் கரைக்கே திருப்பித் தருதல் முறையாகும்.