‘மைசெல்ஃப் செல்வி’ என்று சொல்லலாமா?



வங்கிக்குப் போனாலும், கண்காட்சிக்குப் போனாலும் நம்மில் பலர் “மைசெல்ஃப் செல்வி, ஃப்ரம் ஆரணி” என்றுதான் ஆங்கிலத்தில் பேச்சை ஆரம்பிக்கிறோம். கேட்பவருக்குப் புரியும். ஆனால் சரியான ஆங்கிலம் அது இல்லை. “ஐ ஆம் செல்வி” அல்லது “மை நேம் இஸ் செல்வி” என்று சொல்ல வேண்டும். ஏன் என்று பார்ப்போமா?

‘செல்ஃப்’ நமக்குப் புதுச் சொல் இல்லை. சுய உதவிக் குழுவுக்கு ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ஹெல்ப் குரூப்’ என்றுதானே பெயர்! நம் கணக்கிலிருந்து நாமே பணம் எடுக்கும்போதும் காசோலையில் ‘செல்ஃப்’ என்று எழுதுகிறோம். அங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே. விதியும் இதுதான்: வேலையைச் செய்பவரும் அந்த வேலை யார்மேல் நடக்கிறதோ அவரும் ஒருவராக இருந்தால் ‘செல்ஃப்’ வரும்.

சொற்கள் இவை:
ஐ – மைசெல்ஃப்
யூ – யுவர்செல்ஃப் (ஒருவர்), யுவர்செல்வ்ஸ் (பலர்)
ஹீ – ஹிம்செல்ஃப்
ஷீ – ஹெர்செல்ஃப்
இட் – இட்செல்ஃப்
வீ – அவர்செல்வ்ஸ்
தே – தெம்செல்வ்ஸ்

‘ஹிஸ்செல்ஃப்’, ‘தேர்செல்வ்ஸ்’ என்று சொல்லக் கூடாது.

“ஷீ ஹெல்ப்டு ஹெர்” என்றால் அவள் வேறொருத்திக்கு உதவினாள். “ஷீ ஹெல்ப்டு ஹெர்செல்ஃப்” என்றால் தனக்குத் தானே உதவிக்கொண்டாள். ஒரு சொல்லில் அர்த்தமே மாறிப்போச்சு பாருங்கள்.

தமிழில் ‘-க்கிட்டேன்’ வரும் இடமெல்லாம் மைசெல்ஃப் போட்டுவிடாதீர்கள். ‘என்னையே’ என்று சேர்த்துப் பாருங்கள். “கத்தி பட்டு வெட்டிக்கிட்டேன்” என்றால் என்னையேதான். அதனால் “ஐ கட் மைசெல்ஃப்” சரி. “கல்யாணம் பண்ணிக்கிட்டேன்” என்பதில் ‘என்னையே’ சேர்த்தால் சிரிப்புதான் வரும்! அங்கே “ஐ காட் மேரீட்” போதும்.

படிவத்தை உங்களிடம் கொடுக்கச் சொல்ல “கிவ் இட் டு மைசெல்ஃப்” என்று சொல்லாதீர்கள். கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு அல்லவா? “கிவ் இட் டு மீ” என்றால் போதும்.

இன்னொரு உபயோகம், ‘நானே’, ‘நாங்களே’ என்று அழுத்திச் சொல்வது. நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு, “டிட் யூ வீவ் திஸ் யுவர்செல்ஃப்?” என்று வாடிக்கையாளர் கேட்பார். தறியில் உட்கார்ந்து நெய்தது நீங்களே என்றால் “யெஸ், ஐ வோவ் இட் மைசெல்ஃப்” என்று தைரியமாகச் சொல்லுங்கள். கணவர் நெய்ய, நீங்கள் தார் சுற்றி, பாவு பிணைக்க உதவியிருந்தால்? “மை ஹஸ்பண்ட் வோவ் இட்” என்று மட்டும் சொன்னால் உங்கள் உழைப்பு வெளியே தெரியாமலே போய்விடும். “வீ மேட் இட் அவர்செல்வ்ஸ்” (நாங்களே செய்தோம்) என்று சொல்லுங்கள். அதுதானே உண்மை!

‘பை’ சேர்த்தால் ‘தனியாக’ என்று அர்த்தம் வரும். “ஐ வென்ட் டு தி பேங்க் பை மைசெல்ஃப்” – துணையில்லாமல் தனியாக வங்கிக்குப் போனேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். தப்பு வந்தால் வெட்கப்பட வேண்டாம். பேசப் பேசத்தான் வரும். முதல் வாக்கியம் மட்டும் மறக்காதீர்கள்: “ஐ ஆம்…”