வைக்கோல் கருந்திரவத்தில் கரைந்துபோகும் இலிக்னின்

மரத்திலும் புல்லிலும் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கி வைத்திருக்கும் பொருள் இலிக்னின். கடதாசிக் கூழ் தயாரிக்க அதைக் கரைத்து வெளியேற்றியாக வேண்டும். மூலப்பொருளை எரிசோடாக் கரைசலிலிட்டு, மூடிய கலத்தில் அழுத்தத்துடன் அவித்தால் இலிக்னின் கரைந்துவிடும். செலுலோசு நார் மிஞ்சும். நாரைக் கழுவும்போது வடியும் கறுத்த நீரே கருந்திரவம். அவிக்கப் போட்ட பொருளில் ஏறத்தாழப் பாதி அதில் கரைந்திருக்கும். விலை கொடுத்து வாங்கிய எரிசோடாவின் பெரும்பகுதியும் அதோடு போய்விடும்.

திருகோணமலையிலிருந்து மூதூர், வெருகல், வாகரை வழியாகத் தெற்கே செல்லும் கரையோர வீதியில் வாழைச்சேனை இருக்கிறது. அங்குள்ள கடதாசி ஆலை 1950களின் நடுப்பகுதியில் உருவானது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்து முயற்சிகளாக காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி மூன்றையும் ஒன்றாகவே சொல்வது வழக்கம். அந்த இணைப்பில் நல்ல தொழில் அறிவு இருந்தது. ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் எடுத்த எரிசோடாவும் குளோரினும் கடதாசித் தொழிலுக்கு இன்றியமையாதவை. கிழக்கின் வயல்களில் வைக்கோலுக்கும் தரிசுகளில் இலுக்குப் புல்லுக்கும் குறைவில்லை. ஆனால் அவித்த பின் வடியும் நீரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்று நல்ல விடை கிடைக்கவில்லை. வாழைச்சேனைக் களப்பும், பின்னர் தெற்கே எம்பிலிப்பிட்டிய ஆலையை அடுத்த வளவை கங்கையும் அதன் பாதிப்பைச் சுமந்தன.

மர ஆலைகளில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. கருந்திரவத்தைக் கொதிக்க வைத்துக் கெட்டியாக்கி, மீட்பு உலையில் எரிக்கிறார்கள். இலிக்னின் எரிந்து நீராவி தருகிறது. அடியில் உருகித் தேங்கும் சோடியம் உப்பைக் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, அவிக்கும் காரத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். 1930களில் டாம்லின்சன் வடிவமைத்த உலை வந்ததிலிருந்து உலகெங்கும் இதுவே நடைமுறை. கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு எழுந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையும் கருந்திரவத்தை எரித்தே காரத்தை மீட்கிறது. ஆனால் மீட்பு உலைக்குப் பெரும் முதலீடு வேண்டும். சிறிய ஆலைகளுக்கு அது கட்டுப்படியாகாது.

நெல் வைக்கோலில் இன்னொரு தடையும் உண்டு: சிலிக்கா. மரத்தை எரித்தால் நூற்றில் ஒரு பங்கு சாம்பல்கூடத் தேறாது. நெல் வைக்கோலிலோ அது பத்துப் பங்கைத் தாண்டிவிடும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. நெல்லின் தாளைக் கையில் உருவினால் அறுக்கிறதே, அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் இதுதான். எரிசோடாவில் சிலிக்காவும் கரைந்து கருந்திரவத்தில் சேர்கிறது. கெட்டியாக்கும்போது திரவம் பாகுபோல இறுகுகிறது. ஆவியாக்கும் குழாய்களின் உட்புறம் கண்ணாடிபோன்ற கடினப் படிவு ஏறுகிறது. சுண்ணாம்பையும் மறுபடி சுட்டுப் பயன்படுத்த முடியாமல் கெடுக்கிறது. வைக்கோல் ஆலைகள் மீட்பு உலையைத் தவிர்த்ததற்குப் பெரிய காரணம் இதுவே. அதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது.

எரிக்காமல் மீட்கும் வழி இலிக்னினின் இயல்பிலேயே இருக்கிறது. காரத்தன்மை மிகுந்திருக்கும்வரை அதன் பீனோல் கூறுகள் மின்னேற்றத்துடன் இருப்பதால் அது நீரில் கரைந்து நிற்கும். காரம் குறையக் குறைய அந்த மின்னேற்றம் போய், துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வீழ்படிவாகும். கருந்திரவத்தின் பிஎச் அளவு 12, 13 என்றிருக்கும். புகைபோக்கி வாயுவிலுள்ள காபனீரொட்சைட்டைச் செலுத்தி அதை 10க்குச் சற்று மேலே கொண்டுவந்தால் முதலில் சிலிக்காவின் பெரும்பகுதி படியும். அதை வடித்தெடுத்துவிட்டு மேலும் இறக்கினால் இலிக்னின் படியத் தொடங்கும். சல்பூரிக்கமிலம் சேர்த்து 3 அளவுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

சொல்ல எளிது, வடிகட்டும் இடத்தில்தான் வேலை இருக்கிறது. அமிலத்தை அவசரமாக ஊற்றினால் இலிக்னின் மிக நுண்ணிய சேறாகிறது. வடிதுணியின் கண்கள் அடைபட்டு நீர் இறங்காது. மிதமான சூட்டில், கலக்கிக்கொண்டே மெல்லச் சேர்த்தால் துணிக்கைகள் திரண்டு பருமனாகும். சூடு கூடினாலும் ஆபத்து, பசைபோல இளகிக் கலத்தில் ஒட்டிக்கொள்ளும். சுவீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறை இதற்கு ஒரு நல்ல உபாயம் கண்டது: காபனீரொட்சைட்டால் படியவைத்து வடித்த அடையை அப்படியே கழுவாமல், அமில நீரில் மறுபடி கலக்கிக் கூழாக்கி, இரண்டாம் முறை வடித்துக் கழுவுவது. அமெரிக்காவின் பிளிமத் ஆலையில் 2013இல் இது வணிக அளவில் தொடங்கியது.

அது மர ஆலை. கிழக்கிலங்கைக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பஞ்சாப். அங்கே கோதுமை வைக்கோலும் சர்க்கண்டா என்ற நாணற்புல்லும் அவித்த கருந்திரவத்திலிருந்து, சுவிட்சர்லாந்தின் கிரானிட் நிறுவன முறைப்படி இலிக்னின் எடுத்து, புரோட்டோபைண்ட் என்ற பெயரில் விற்றார்கள். எரிசோடா மட்டும் கொண்டு அவித்த இலிக்னினில் கந்தகம் ஏறுவதில்லை. மர ஆலை இலிக்னினின் நாற்றமும் இதற்கு இல்லை. ஒட்டுப்பலகைப் பசையில் பீனோலின் ஒரு பகுதிக்கு ஈடாக இதைச் சேர்க்கலாம்.

தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களின் வைக்கோலை வைத்து இனி ஒரு கூழ் ஆலை எழுமானால், மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவை நினைத்தே அதைத் திட்டமிட வேண்டும். திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே சீமெந்து ஆலை இருக்கிறது. கொங்கிறீற்றில் நீரைக் குறைக்க இலிக்னோசல்பனேற்று பயன்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் எரிசோடா இலிக்னின் நீரில் கரையாது. சல்பைற்றுடன் வினைப்படுத்திய பிறகே அந்தச் சந்தைக்குப் போகும்.

இலிக்னினை எடுத்த பிறகு எஞ்சும் நீரையும் அப்படியே விட முடியாது. அதில் சீனிப் பொருள்களிலிருந்து வந்த கரிம அமிலங்களும் சோடியம் சல்பேற்றும் இருக்கும். ஆயினும் நுண்ணுயிர்கள் எளிதில் தொடாத இலிக்னின் நீங்கிவிட்டதால், காற்றில்லாத் தொட்டியில் இதை நொதிக்கவைத்து எரிவாயு பெறலாம். சோடியம் உப்பு மட்டும் கரைந்தபடியே எஞ்சும். வாங்கும் அமிலத்தின் விலையையும் இழக்கும் எரிசோடாவின் விலையையும் விற்கும் இலிக்னினின் விலையோடு வைத்துப் பார்த்தே ஒரு சிறிய ஆலை இம்முறையை முடிவுசெய்ய இயலும். சுத்தமான களப்பின் மதிப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.